அரைக் கேன் டீசல்

நடுவர் அவர்களே, இரு அணியினரே, முன்வரிசைத் தாய்மார்களே, வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நாட்டுப்புறப் பாடகரை வாழவைப்பது ஊர் மேடையா, வெள்ளித்திரையா? ஊர் மேடையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் என்ன சொன்னார்? "தூள் படம் வரவில்லை என்றால், பரவை முனியம்மாவைப் பரவை பஸ் கண்டக்டருக்கே தெரிந்திருக்காது" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டுங்கள், ஆனால் அந்தக் கண்டக்டரை நான் சும்மா விடப்போவதில்லை.

ஐயா, தூள் வந்தது 2003 பொங்கலுக்கு. அதுவரை அந்த அம்மா வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? மதுரை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடியப் பாடியவர் அவர். திருவிழாவுக்குப் போன ஜனம் அடுத்த நாள் காலையில் எதில் ஊர் திரும்பியது? பஸ்ஸில்! டிக்கெட் கிழித்தது யார்? கண்டக்டர்! ராத்திரி கேட்ட பாட்டைப் பஸ்ஸில் நாலு பேர் முணுமுணுத்திருப்பார்களா மாட்டார்களா? ஆக, முதலில் தெரிந்தது கண்டக்டருக்குத்தான். இயக்குநர் தரணிக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கொல்லங்குடி கருப்பாயியும் அப்படித்தான். ஆண் பாவம் படத்தில் பாட்டியாக வந்தது 1985-இல். அதற்கு முன்பே அவர் குரல் வானொலியில் கேட்டாகிவிட்டது. வானொலி எந்த அணி என்று கேட்காதீர்கள். வயல்காட்டுப் பாட்டை வாங்கி ஒலிபரப்பியதால் அதுவும் எங்கள் அணிதான்!

எங்கள் ஊர்க் கதை ஒன்று. மாரியம்மன் கோயில் பொங்கல், நடுராத்திரி. பாட வந்த அம்மா நாலாவது பாட்டில் இருக்கிறார். டுப்பென்று விளக்கு அணைந்தது, மைக் செத்தது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. விழாக் கமிட்டிப் பொருளாளர் எழுந்து, "ஒரு கேன் வாங்கிக் கொடுத்தேனே, எப்படித் தீர்ந்தது?" என்கிறார். ஜெனரேட்டர்காரப் பையன், "அரைக் கேன்தாண்ணே வந்துச்சு" என்கிறான்.

அந்த அம்மா மேடையை விட்டு இறங்கினார். கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார். உறுமிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். இருட்டில் எடுத்தார் பாருங்கள்:

"அரைக் கேனு டீசலிலே ஆத்தாளுக்குத் திருவிழா
மிச்ச அரைக் கேனு எந்த வீட்டுத் திண்ணையில?"

ஊரே உருண்டு சிரிக்கிறது. பொருளாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நழுவப் பார்க்கிறார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் சம்சாரமே குரல் கொடுக்கிறார்: "நம்ம வீட்டுத் திண்ணையிலதான் தாயி!"

பத்தே நிமிடத்தில் டீசல் வந்தது. விளக்கு எரிந்தது. ஆனால் ஜனம் மைக்கைத் தொடவிடவில்லை, "இப்படியே பாடு தாயி" என்றது. விடியும் வரை அந்த அரைக் கேன் இழுபட்டது. கும்மியில் வந்தது, தெம்மாங்கில் வந்தது, அம்மனைக் கும்பிட்ட பாட்டிலும் வந்தது! அந்த மனிதருக்கு இன்றுவரை ஊரில் பெயரே அரைக் கேன்தான். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "அரைக் கேன் வீடு எதுங்க?" என்று விசாரித்துத்தான் வந்தார்கள்.

எதிரணித் தோழரே, உங்கள் வெள்ளித்திரை எங்கள் ஊர்ப் பொருளாளரைப் பாடுமா? டீசல் தீர்ந்தால் படம் நிற்கும், டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்போம்!

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒரு நிமிடம் ஐயா.

முனியம்மா நோயில் படுத்தபோது திரையுலகினர் சிலர் உதவினார்கள், நான் மறுக்கவில்லை. 2015-இல் அரசு அவர் பெயரில் 6 லட்சம் ரூபாய் வைப்பு வைத்து, மாத வட்டி கிடைக்கச் செய்தது. கருப்பாயிக்கு 1993-இல் கலைமாமணி விருது கிடைத்தது. 99 வயதில், 2025 ஜூனில் காலமானார். நம் ஊர்கள் என்ன கொடுத்தன? என் அணிக்கு எதிராகவே பேசுகிறேன் என்று தெரிகிறது, இருந்தாலும் கேட்கிறேன். ராத்திரி முழுக்கக் கை தட்டினோமே, விடிந்ததும் அந்த அம்மா சாப்பிட்டாரா என்று யார் விசாரித்தோம்?

முனியம்மா போனது 2020 மார்ச் 29. ஊரடங்கு போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. கூட்டத்தைப் பார்த்தே பாடிப் பழகிய தொண்டை ஐயா அது. கூட்டம் கூடக் கூடாது என்று நாடே வீட்டுக்குள் இருந்த நாளில் அடங்கியது. ஒரு சாதாரண நாளாக இருந்திருந்தால் பரவைக்கு எத்தனை ஊர்ச் சனம் பஸ் ஏறிப் போயிருக்கும்!

தீர்ப்பை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் நடுவரே. இங்கே விழாக் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்த பொங்கலுக்குப் பாட வருகிற அம்மாவுக்குப் பேசிய பணத்தை அன்று ராத்திரியே எண்ணிக் கையில் கொடுத்துவிடுங்கள். வசூல் வரட்டும், அடுத்த வாரம் வா என்று அலைய விடாதீர்கள். வணக்கம்.