நிலம்பேயில் ஓர் இரவு: சதிக்கு நடுவில் சிக்கிய கைதிகள்

(பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

வேற்று நாட்டுக்குப் போன ஒருவன் அங்கே பிடிபடுகிறான். அந்த நாட்டு அரசனைக் கொல்லச் சதி நடப்பது அவன் காதில் விழுகிறது. ஓடிப்போய்ச் சொல்கிறான். அரசன் கட்டித் தழுவி, பொற்கிழி கொடுத்து, கப்பலேற்றி அனுப்பிவைக்கிறான். சின்ன வயதில் இப்படி எத்தனையோ கதைகள் படித்திருப்போம். இன்றைக்கு நான் பேச வந்தது நிஜமாகவே அப்படி மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி. பொற்கிழியை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

விவிலியத்தில் எஸ்தர் கதை இருக்கிறது. மொர்தெகாய் ஒரு யூதர். எருசலேமிலிருந்து சிறைபிடித்துக்கொண்டு போன கூட்டத்தின் வழியில் வந்தவர். பாரசீக அரசன் அகாஸ்வேருவின் அரண்மனை வாசலில் உட்கார்ந்திருப்பார். வாசல் காக்கிற பிக்தான், தேரேசு என்ற இரண்டு அதிகாரிகள் அரசனைக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள். அது மொர்தெகாய்க்குத் தெரிந்துவிடுகிறது. எஸ்தர் மூலமாகச் செய்தி அரசனுக்குப் போகிறது, இருவருக்கும் மரணதண்டனை. சரி, காப்பாற்றியவருக்கு என்ன கிடைத்தது? அரசாங்கக் குறிப்பேட்டில் ஒரு பதிவு. அவ்வளவுதான். பிற்பாடு ஒருநாள் ராத்திரி அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. குறிப்பேட்டை எடுத்து வாசிக்கச் சொல்கிறான். அப்போதுதான் 'இவருக்கு நாம் என்ன செய்தோம்?' என்று கேட்கிறான். ஒன்றும் செய்யவில்லை என்று பதில் வருகிறது. இது வரலாறா, புனைவா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. கதையிலேயே நன்றி இவ்வளவு தாமதம் என்றால், நிஜத்தில் கேட்கவே வேண்டாம்.

நிஜத்துக்கு வருவோம். பக்கத்து ஊர்தான், கண்டி.

1659 நவம்பர் 19ஆம் தேதி மசூலிப்பட்டினத்தில் பெரும்புயல். 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் தன் பாய்மரத்தை இழக்கிறது. மரம் சரிசெய்ய வேண்டும், சும்மா கிடப்பதற்குப் பதில் வியாபாரமும் நடக்கட்டும் என்று திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாற்றுக் குடாவுக்கு அதை அனுப்புகிறார்கள். கப்பலில் இருந்த துணி பரங்கிப்பேட்டை வணிகர்களுடையது. அவர்களும் கூடவே போனார்கள். கப்பல் தலைவர் ராபர்ட் நாக்ஸ். அவருடைய மகனும் ராபர்ட் நாக்ஸ்தான், வயது 19. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் வந்து நயமாகப் பேசி, கரையில் இருந்தவர்களை 1660 ஏப்ரலில் பிடித்துவிட்டார்கள். மொத்தம் 16 பேர். மூதூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இன்றும் 'வெள்ளைக்காரன் மரம்' என்று ஒரு புளியமரத்தைப் பற்றிச் சொல்வார்கள், அது இந்தச் சம்பவத்தோடு சேர்ந்ததுதான்.

பிடித்தவர்களைச் சிறையில் போடவில்லை. மலைநாட்டுக் கிராமங்களில் ஆளுக்கொரு ஊராகப் பிரித்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் முறைபோட்டுச் சோறு கொடுக்க வேண்டும். வேலை எதுவும் கிடையாது, ஊரைவிட்டுப் போகத்தான் கூடாது. எதற்காக வைத்திருக்கிறான் என்று ஒருவருக்கும் புரியவில்லை. அப்பா நாக்ஸ் ஓராண்டுக்குள் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குவிட்டான், ஊர்மொழி கற்றான். எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டான். 1681இல் லண்டனில் அச்சான அவனுடைய நூலில்தான் நான் சொல்லப்போகிற சதி விரிவாக இருக்கிறது.

முதலில் அந்த அரசன் எப்படிப்பட்டவன் என்று பார்த்துவிடுவோம். ராஜசிங்கனுக்குச் சாப்பாடு போகும்போது பாத்திரம் வெள்ளைத் துணியால் மூடியிருக்கும். கொண்டு போகிறவன் மூச்சுக்காற்றுகூடப் படக்கூடாது என்று அவன் வாயையும் கட்டியிருப்பார்கள். இரவு முழுக்க அங்கங்கே முரசும் எக்காளமும் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். யானைகளையும் ராக்காவலுக்கு நிறுத்தியிருந்தான். கலகம் என்று கூட்டம் வந்தால் மிதித்துத் தள்ளுவதற்கு! இத்தனைக்கும் பிறகும் யாராவது தன்னைக் கொல்ல வரப்போகிறார்கள் என்று பயந்துகொண்டே இருந்தான். பயம் வீணல்ல. அரசவையை நிலம்பே என்ற மலையூருக்கு மாற்றி, பிரதானிகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து இரவும் பகலும் அங்கேயே கிடக்கவைத்தான். சின்னக் குற்றத்துக்கும் தலை போகும். இப்படி இருந்தால் சதி முளைக்காமல் வேறு என்ன முளைக்கும்?

1664 டிசம்பரில் வானத்தில் ஒரு வால்நட்சத்திரம். ஐரோப்பாவிலும் அதைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் ஆங்கிலேயக் கைதிகள் எல்லோரையும் நிலம்பேக்கு வரவழைத்தான் அரசன். காரணம் நல்ல காரணம். சென்னைக் கோட்டையின் தலைவர் எட்வர்ட் வின்டர் இவர்களை விடுவிக்கச் சொல்லி முயற்சி எடுத்திருந்தார், அவர் சார்பில் டச்சுத் தூதர் பேசிக்கொண்டிருந்தார். 'என்னிடம் வேலைக்கு இருந்துவிட்டால் பெரிய ஆளாக்குகிறேன்' என்று அரசன் ஆசை காட்டிப் பார்த்தான். ஒருவரும் மசியவில்லை. விடுதலை கைக்கு எட்டின தூரத்தில் இருந்தது.

டிசம்பர் 21, நள்ளிரவு. சதிகாரர்கள் கிளம்பிவிட்டார்கள்.

நிலம்பேயில் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருந்த கைதிகளுக்குச் சதி முன்கூட்டித் தெரியுமா? தெரியாது. சத்தம் கேட்டுத்தான் அவர்களுக்கே விஷயம் புரிந்தது. அரசனுக்கு விசுவாசமாக இருந்த சில பெரியவர்களை வெட்டிவிட்டு, கூட்டம் அரண்மனை வாசல்வரை வந்துவிட்டது. உள்ளே நுழைந்தால் வேலை முடிந்தது. ஆனால் நுழையவில்லை! பல ஆண்டுகளாக அந்த மனிதன் முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டே பழகிய உடம்பு, ராத்திரி வாளோடு போகச் சொன்னால் போகுமா? வாசலிலேயே விடியவிட்டார்கள். விடிந்ததும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு அரசன் வெளியேறி மலையைப் பார்த்து ஓடினான். முன்னால் ஒரு யானை காட்டை முறித்து வழி செய்துகொண்டு போயிற்று. பின்னால் துரத்தியவர்கள் துப்பாக்கி சுட்டார்கள், கிட்டே மட்டும் போகவில்லை. உலகத்துச் சதிகள் பலவும் காட்டிக்கொடுத்தவனால் கெடும். இது செய்ய வந்தவர்களின் முழங்கால் நடுக்கத்தால் கெட்டது.

அப்புறம் எல்லோரும் கண்டிக்குப் போகிறார்கள். அங்கே அரசனின் மகன், அரண்மனையைவிட்டு வெளியே வந்து பழகாத சிறுவன், அத்தையின் பாதுகாப்பில் இருக்கிறான். அவனை அரசன் என்று அறிவித்துக் காலில் விழுகிறார்கள். இந்த இராஜசிங்கனின் ராணி கடலுக்கு இக்கரையிலிருந்து, அதாவது நம் பக்கத்திலிருந்து போன பெண். கண்டியில் தனியாக ஒதுக்கிவைக்கப்பட்டுக் கிடந்தாள் என்று நாக்ஸ் எழுதுகிறார். அவளை இந்தக் குழப்பத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

கலகக்காரர்கள் ஆங்கிலேயர்களையும் விடவில்லை. 'உங்களை அநியாயமாகப் பிடித்து வைத்திருந்தான், நாங்கள் அனுப்பிவைக்கிறோம், ஆயுதம் எடுத்து எங்களோடு வாருங்கள்' என்று கூப்பிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் அன்று அரண்மனைக்கு அழைத்துப் பணமும் துணியும் எண்ணி எண்ணிக் கொடுக்கிறார்கள். தொகை எண்ணி முடியவில்லை. அதற்குள் ஒரு செய்தி: அத்தை இளவரசனைத் தூக்கிக்கொண்டு பழைய அரசனிடமே ஓடிவிட்டாள். கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் பணத்தையும் துணியையும் முற்றத்திலேயே வீசிவிட்டு ஓட்டம் பிடித்தார்கள்.

நம் கைதிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? குனிந்து காசு பொறுக்கினார்கள். வெட்கப்படாமல் நாக்ஸ் அதை எழுதியிருக்கிறார். வயிற்றுப்பாடு. கலகத்தில் கிராமத்துச் சோறும் நின்றுபோயிற்று, அதற்கப்புறம் சுமார் மூன்று மாதம் அந்தக் காசுதான் உதவியது. அரசனைக் கொல்லச் செலவழிக்க வைத்திருந்த பணம் கடைசியில் யாருக்குப் பயன்பட்டது பாருங்கள்!

பொறுக்கிக்கொண்டு, 'நாம் வெளிநாட்டுக்காரர்கள், எந்தப் பக்கமும் வேண்டாம்' என்று தங்கிய இடத்துக்குத் திரும்பினார்கள். விடுவார்களா? வழியில் அரசன் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டார்கள். 'வாருங்கள் என்னோடு' என்று அவர் கையிலும் ஆயுதம் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. காலையில் அரசனுக்கு எதிராக, பிற்பகலில் அரசனுக்காக! ஊரெல்லாம் அதே கதைதான். முந்தாநாள்வரை கலகத்தில் இருந்தவன், தான் விசுவாசி என்று காட்டப் பக்கத்துக்காரனை வெட்டினான். ஒரு வாரத்துக்கும் மேலாக இது நடந்தது.

சதிக்கு நடுவில் சிக்குகிற அந்நியனின் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன். அவனுக்கு விஷயம் தெரிவதால் அவனுக்கு லாபம் இல்லை. அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று யாரும் அவனைக் கேட்பதில்லை, இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிறார்கள்.

முன்கூட்டியே தெரிந்திருந்தால் தப்பியிருப்பார்களே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். முன்கூட்டியே தெரிந்த ஒருவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியன்னாவைச் சேர்ந்த இடா ஃபைஃபர். பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, 40 வயதைக் கடந்த பிறகு தனியாக உலகம் சுற்றக் கிளம்பிய பெண்மணி. முதல் உலகப் பயணத்தில் சென்னையையும் எட்டிப் பார்த்தவர். 1857இல் லாம்பெர் என்ற பிரெஞ்சு வணிகரோடு மடகாஸ்கர் போகிறார். ஆள்வது முதலாம் ராணவலோனா ராணி, கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தவர். தலைநகர் அன்டனனரிவோவில், தங்கியிருந்த வீட்டிலேயே ஆயுதங்களைக் காட்டி விஷயத்தைச் சொல்கிறார்கள்: ராணியை இறக்கிவிட்டு அவருடைய மகன் ரகோட்டோவை அரசனாக்கப்போகிறோம். இவர்கள் கொல்ல நினைக்கவில்லை, பதவியைப் பறிக்கத்தான் திட்டம். கூட இருந்த இன்னொருவர் ழான் லபோர்த். அவரும் பல ஆண்டுகளுக்கு முன் கப்பல் உடைந்து அந்தக் கரையில் ஒதுங்கியவர்தான்.

ஜூன் 20 இரவு என்று நாள் குறிக்கிறார்கள். அரண்மனைக் கதவைத் திறந்துவிட வேண்டிய தளபதி கைவிரிக்கிறார், நாள் தள்ளிப்போகிறது, விஷயம் ராணிக்கு எட்டிவிடுகிறது. வீட்டைச் சுற்றிக் காவல், யாரும் கிட்டே போகக் கூடாது. தன் காதில் விழுந்தது ஒன்றுதான் ஃபைஃபர் செய்த குற்றம். அவர் தலையை வெட்டவில்லை ராணி. ஜூலையில் எல்லோரையும் நாடுகடத்தினார். எப்படி? சுமார் எட்டு நாளில் கடந்துவிடக்கூடிய பாதையில், காய்ச்சல் பிடித்த சதுப்பு நிலங்களில் அங்கங்கே நிறுத்தி நிறுத்தி, 53 நாள் நடத்திக் கூட்டிப்போனார்கள். வாள் படாத தண்டனை. காய்ச்சலோடு ஊர் திரும்பிய ஃபைஃபர் 1858 அக்டோபரில் வியன்னாவில் இறந்தார். ராணி அதற்குப் பிறகும் 1861வரை ஆண்டார்.

கண்டிக்குத் திரும்பி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராஜசிங்கன் மீண்டும் அரியணையில் உட்கார்ந்தான். சொந்த மகனை விஷம் வைத்துக் கொன்றான், இன்னொரு தடவை யாரும் அவனைத் தூக்கிப் பிடிக்கக்கூடாது என்று; நாக்ஸ் அப்படித்தான் எழுதுகிறார். கைதிகளை அனுப்புகிற பேச்சு அதோடு சரி. வின்டர் எடுத்த முயற்சி போன இடம் தெரியவில்லை. சதியின் முக்கிய ஆள் அம்பன்வெல ரால என்பவன். அவனைத் தன் கையால் கொல்லாமல், டச்சுக்காரர்கள் சித்திரவதையில் தேர்ந்தவர்கள் என்று எண்ணியோ என்னவோ, அவர்களே கொல்லட்டும் என்று அவர்கள் வசமிருந்த கொழும்புக்கு அனுப்பிவைத்தான் அரசன். கண்டி ரகசியமெல்லாம் தெரிந்த ஆள் தானாக வந்து சேர்ந்தால் டச்சுக்காரர்கள் கொல்வார்களா? வைத்துக்கொண்டு விஷயம் கேட்டார்கள்.

ஆக, அரசனைக் கொல்லப் போனவன் அரசன் செலவிலேயே கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். காசு பொறுக்கிய நாக்ஸ் அங்கேயே இன்னும் 15 வருடம் தொப்பி பின்னிக்கொண்டிருந்தான். வியாபாரம் என்று சொல்லிக்கொண்டு வடக்கே வடக்கே போய்ப் பாதை பழகி, ஒரு கூட்டாளியோடு அநுராதபுரம் தாண்டி, ஆற்றோரமாகவே காட்டில் நடந்து, 1679 அக்டோபரில் மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள். வணக்கம்.