டிராகன் வாயைத் திறக்கட்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

முதலில் தலைப்பை நினைவுபடுத்திவிடுகிறேன். எதிரணித் தலைவர் பேசிய வேகத்தில் அது எங்கேயோ பறந்துபோய்விட்டது. ‘டிராகனே கதை சொல்லும் காவிய ஃபேண்டஸி நாவல்: புதுப் பார்வையா, வெறும் வேஷமா?’ நாங்கள் புதுப் பார்வை என்கிற அணி.

அவர் மூன்று குற்றச்சாட்டு வைத்தார். டிராகன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாதவரைக்கும்தான் பயம், உள்ளே நுழைந்து பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்றார். எழுதுகிறவர் மனிதர், படிக்கிறவர் மனிதர், நடுவில் பேசும் டிராகன் மட்டும் எப்படி டிராகனாக இருக்கும், அது செதில் ஒட்டிய மனிதர்தான் என்றார். கடைசியாக, காவியத்துக்கு வீரன் வேண்டும், அவனையே இரையாக்கிவிட்டால் காவியம் ஏது என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். நன்றாகத்தான் கேட்டார்.

வேஷக் குற்றச்சாட்டுதான் மூன்றிலும் கனமானது. அதற்கு முதலில் வருகிறேன். ‘பாம்பின் கால் பாம்பறியும்’ என்று பழமொழியை வேறு துணைக்கு அழைத்தார். பாம்பைப் பாம்புதான் அறியும், மனிதனுக்கு எப்படித் தெரியும் என்பது அவர் வாதம். ஐயா, பாம்புக்குக் காலே கிடையாது. இல்லாத காலை இருப்பதாக வைத்து, அது பாம்புக்கு மட்டும் தெரியும் என்று யோசித்தது யார்? மனிதன்தான். பழமொழி நானூறு காலத்திலிருந்து நாம் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த ஒரு வரியே குட்டி ஃபேண்டஸி. தன் பழமொழியாலேயே அவர் எங்கள் அணிக்கு வந்துவிட்டார், நாற்காலியைத்தான் இன்னும் மாற்றிப் போடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பார்வை மாறினால் என்ன மாறும்? இலக்கணமே மாறும். ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே’ என்கிறது தொல்காப்பியம். மக்கள் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. அதனால் வீரன் ‘வந்தான்’, டிராகன் ‘வந்தது’. கதை தொடங்கும் முன்பே, ஒரு வினைமுற்றிலேயே, தீர்ப்பு எழுதியாகிவிட்டது. யார் ஜெயிப்பார் என்பதை ‘ஆன்’ விகுதி சொல்லிவிடுகிறது.

இப்போது டிராகனைப் பேச விடுங்கள். ‘நான் வந்தேன்.’ இதில் திணை எங்கே இருக்கிறது? அரசன் சொன்னாலும் ‘வந்தேன்’தான், டிராகன் சொன்னாலும் ‘வந்தேன்’தான். தன்மை வினை இரு திணைக்கும் பொது என்று நன்னூல் விதியே வைத்திருக்கிறது. நம்மைப் பற்றி அடுத்தவர் பேசும்போதுதான் நாம் உயர்திணையா அஃறிணையா என்ற பேச்சே வருகிறது. நாமே வாய் திறந்தால் அந்தக் கேள்வி கிடையாது. அதோடு முடியவில்லை. டிராகன் கதை சொன்னால் அதன் கணக்கில் மக்கள் யார்? டிராகன்கள்தான். அப்படியானால் நாம்? ‘மூன்று மனிதன் வந்தது. ஒன்று ஓடிப்போனது. இரண்டு கத்தியது.’ கேட்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது அல்லவா? அந்த ஒரு மாதிரிதான் ஐயா புதுப் பார்வை. 2012இல் தொடங்கிய ‘விங்ஸ் ஆஃப் ஃபயர்’ என்ற சிறுவர் நாவல் வரிசையில் டிராகன்கள்தான் நாயகர்கள். மனிதர்களுக்கு அவை வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பொறுக்கித் தின்னிகள்’ என்று வரும். பத்து வயதுப் பிள்ளைகள் அதைப் படித்துச் சிரிக்கிறார்கள். நமக்குத்தான் சுருக்கென்கிறது.

வேஷம் என்று எப்போது சொல்லலாம்? செதிலைக் கழற்றிவிட்டாலும் கதை அப்படியே நின்றால் சொல்லலாம். அப்படிப்பட்ட நாவல்கள் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். இறக்கை, வால், நெருப்பு எல்லாம் இருக்கும், ஆனால் டிராகன் யோசிப்பது என்னவோ மாதச் சம்பளம் வாங்குகிறவர் மாதிரியே யோசிக்கும். நானும் ஏமாந்திருக்கிறேன். அதற்காக வழியே தப்பு என்று சொல்ல முடியுமா? ஜோ வால்டன் எழுதிய ‘டூத் அண்ட் கிளா’வை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் வந்தது, அடுத்த வருடம் உலக ஃபேண்டஸி விருது வாங்கியது. அதில் எல்லாப் பாத்திரமும் டிராகன்தான். தொப்பி உண்டு, சொத்து வழக்கு உண்டு. பார்த்தால் சுத்த வேஷம் போலத்தான் தெரியும். ஆனால் அங்கே டிராகன் பெரிதாக வளர வேண்டுமானால் இன்னொரு டிராகனின் இறைச்சியைத் தின்ன வேண்டும். ஆகவே அப்பா செத்தால் அப்பாவின் உடம்பே சொத்து. தனக்குரிய பங்குக்கு மேல் மருமகன் தின்றுவிடுகிறான், வழக்கு வருகிறது. ‘அப்பா சொத்தைத் தின்னுட்டான்’ என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே, அங்கே அது அப்படியே நடக்கிறது. இந்தக் கதையில் செதிலைக் கழற்றிப் பாருங்கள், மிச்சம் ஒன்றும் நிற்காது.

அடுத்து பயம். இதற்கு நான் ஒரு பழைய சாட்சியைக் கூப்பிடுகிறேன். ‘பேவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியம், 3,182 அடி. அதன் கையெழுத்துப் பிரதி கிட்டத்தட்ட ஆயிரம் வருடப் பழசு. முழுக்க முழுக்க வீரனின் காவியம். எதிரணிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, அதனால்தான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதில் டிராகன் முன்னூறு குளிர்காலம் ஒரு புதையலைக் காத்துக் கிடக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் ‘புதையல் காத்த பூதம்’ என்போமே, அந்த மாதிரி. ஒரு நாள் அது தூங்கும்போது ஒருவன் நுழைந்து ஒரே ஒரு கோப்பையைத் திருடிக்கொண்டு போய்விடுகிறான். டிராகன் விழித்ததும் நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். பாறையோரமாகவே மோந்துகொண்டு போகிறது. எதிரியின் காலடித் தடம் கண்ணில் படுகிறது. அவன் எவ்வளவு பக்கத்தில் வந்து போயிருக்கிறான் என்று தெரிகிறது. வெளியே வந்து மேட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த வெட்டவெளியில் ஆள் நடமாட்டமே இல்லை. மறுபடி உள்ளே போய்க் கோப்பையைத் தேடுகிறது. சாவியைத் தொலைத்துவிட்டு, பார்த்த பையையே இரண்டாவது தடவையும் கவிழ்த்துப் பார்ப்போமே, அதே மாதிரி. அப்புறம் பொழுது சாயும்வரை காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு அதற்குப் பெரும்பாடாக இருந்தது என்று கவிஞர் சொல்கிறார்.

இங்கே கவிஞர் யார் பக்கம் நிற்கிறார்? கொஞ்ச நேரத்துக்கு டிராகனின் மண்டைக்குள்ளேயே போய்விட்டார். பயம் குறைந்ததா? கூடியது! கீழே ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. மேலே ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு சூரியன் மறைவதற்காகக் காத்திருக்கிறது, அது நமக்கு மட்டும் தெரியும். டிராகன் என்ன நினைக்கிறது என்று தெரியாதபோது அது இடி மின்னல் மாதிரி. இடியைப் பார்த்துப் பயப்படலாம், ஆனால் இடி நம் வீட்டு விலாசத்தைக் கேட்டுக்கொண்டு வராது. நினைக்கிறது என்று தெரிந்த பிறகு வரும் பயமே தனி.

எதிரணித் தலைவர் தலையை ஆட்டுகிறார். ‘ஏதோ இருபது அடி டிராகனுக்குக் கொடுத்தார்கள், மிச்ச மூவாயிரமும் வீரனுக்குத்தானே’ என்று கேட்கப்போகிறார். நியாயம்தான். அந்த வீரனின் முடிவையும் பார்த்துவிடுவோம். ஐம்பது வருடம் ஆண்ட கிழ அரசன் டிராகனோடு மோதுகிறான், இரண்டு பேரும் சாகிறார்கள். ஐம்பதடி நீளம் கிடந்த டிராகனின் உடலைச் செங்குத்துப் பாறையிலிருந்து கடலில் தள்ளிவிடுகிறார்கள். அவ்வளவு உயிரைக் குடித்த பொன்? அரசனோடு சேர்த்து மறுபடி மண்ணிலேயே புதைத்துவிடுகிறார்கள். முன்பு எப்படி மனிதர்களுக்குப் பயன்படாமல் கிடந்ததோ அப்படியே இப்போதும் கிடக்கிறது என்று அந்தக் காவியமே வாய்விட்டுச் சொல்கிறது. அப்படியானால் முன்னூறு வருடமாக டிராகன் செய்த வேலைக்கும் இவர்கள் கடைசியில் செய்த வேலைக்கும் என்ன வித்தியாசம்? இதை வீரன் கேட்க முடியாது, செத்துவிட்டான். அவன் ஆட்கள் கேட்க மாட்டார்கள், அழுதுகொண்டிருக்கிறார்கள். கேட்கக்கூடிய ஒரே ஆளைத்தான் கடலில் தள்ளியாகிவிட்டதே!

காவியத்துக்கு வீரன் வேண்டும் என்றார். எனக்கென்னவோ காவியத்துக்கு முதலில் நீளமான காலம் வேண்டும் என்று தோன்றுகிறது. 2007இல் அலாஸ்கா கடலில் பிடிபட்ட வில்தலைத் திமிங்கிலம் ஒன்றின் உடம்பில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்யப்பட்ட ஈட்டித் துண்டு செருகிக்கொண்டு கிடந்தது. அதை எறிந்தவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். செய்த பட்டறையும் காலாவதி. திமிங்கிலம் மட்டும் அதைச் சுமந்துகொண்டு நீந்தியிருக்கிறது. இருநூறு வருடத்துக்கு மேல் வாழக்கூடிய இனம் அது. அந்த இடத்தில் ஒரு டிராகனை வைத்துப் பாருங்கள். மனிதர்கள் ‘மாபெரும் போர்’ என்று ஏழு பாகம் எழுதும் ஒன்று, அதற்கு இடது தொடையில் மழைக்காலத்தில் மட்டும் வலிக்கும் ஒரு முள். பாட்டனைப் பார்த்திருக்கும், பேரனையும் பார்க்கும், இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டு வாளைத் தூக்கி வருவதையும் பார்க்கும். இந்த நீளத்தை எந்த இளவரசனின் வாயிலும் வைக்க முடியாது. அதற்குள் அவனுக்கு முடிசூட்டியாக வேண்டும்.

உடம்பு ஒன்று இருக்கிறது, அதையும் விட்டுவிடக் கூடாது. குழிவிரியன் பாம்புக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு குழி உண்டு, அதனால் அது சூட்டை உணர்கிறது. பிளந்த நாக்கின் இரண்டு நுனியிலும் வாசனையைப் பிடித்து, எந்தப் பக்கம் அதிகம் என்று கண்டுகொள்கிறது. இந்த இரண்டை மட்டும் டிராகனுக்குக் கடன் கொடுங்கள். இருட்டு என்ற சொல்லே அதன் கதையில் வராது. ‘அவன் ஒளிந்துகொண்டான்’ என்று எழுத முடியாது, ஏனென்றால் அவன் உட்கார்ந்து எழுந்த கல்லில் இன்னும் சூடு மிச்சம் இருக்கிறது. எழுதுகிறவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுக்கி விழுந்து எழுந்துதான் போக வேண்டும். வேஷம் போடுகிறவருக்கு இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு?

ருஷ்ய எழுத்தாளர் தல்ஸ்தோயின் ‘கோல்ஸ்தோமெர்’ கதையில் ஒரு கிழக் குதிரை பேசும். 1886இல் வெளியானது. ‘என் குதிரை’ என்று மனிதர்கள் சொல்வது அதற்குப் புரியவே புரியாது. என்னுடையது என்கிறவர் ஏறுவதில்லை, ஏறுகிறவர் தீனி போடுவதில்லை, பிறகு எதை வைத்து ‘என்’ என்கிறார்கள் என்று கேட்கும். ஒரு குதிரைக்கே இவ்வளவு கேள்வி என்றால், பொன்மேல் படுத்துக்கொண்டு முன்னூறு வருடம் யோசிக்க நேரம் கிடைத்த ஒன்றுக்கு எவ்வளவு இருக்கும்!

முதல் மணி அடித்துவிட்டது. வாதத்தை நிறுத்திவிட்டு, நானே எழுதிப் பார்த்த ஒரு பத்தியை வாசிக்கிறேன். அதே கோப்பைத் திருட்டுதான், ஆனால் டிராகன் தூங்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

‘உள்ளே ஒன்று வந்தது. சின்னது, இரண்டு கால். பட்டினியாக இருந்தது, வாசனையிலேயே தெரிந்தது. கோப்பையைத் தொட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், விட்டால் எரிந்துபோகும். என் கண் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டது. ஓடும் என்று நினைத்தேன், ஓடவில்லை. முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தது. வாயைத் திறந்தது. முதலில் காற்றுதான் வந்தது, அப்புறம் ஒரு சொல் வந்தது. “நான்...” என்றது. அதற்கு மேல் சொல்ல அதனால் முடியவில்லை. முன்னூறு குளிர்காலமாக அந்தச் சொல்லை அந்தக் குகையில் என்னைத் தவிர யாரும் சொன்னதில்லை. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். கோப்பையை எடுத்துக்கொண்டு போனான்.’

நன்றி, வணக்கம்.