கீழமாசி வீதியில் ஒரு நிழல் கோடு

அனைவருக்கும் வணக்கம்.

தெருவில் போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்வது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். உங்களில் சிலர் கையில் கேமரா இருக்கிறது, பலர் கையில் செல்போன் இருக்கிறது. எது இருந்தாலும் சரி. நான் இன்று பேச வந்தது வெயிலைப் பற்றி.

முதல் இரண்டு வருஷம் நான் தெருவில் ஆட்களைத் தேடித் தேடி அலைந்தேன். முகமெல்லாம் சுருக்கம் விழுந்த பாட்டி, பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர், இப்படித்தான் என் கண் போனது. ஒருநாள் பூ மார்க்கெட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து, "என்னைய எதுக்கு தம்பி போட்டோ புடிக்கிற?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து படத்தைப் போட்டுப் பார்த்தேன். அவர் தலைக்குப் பின்னால் ஒரு பேனர், பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட ஆள், தலைக்கு மேல் முளைத்தது மாதிரி ஒரு கரண்ட் கம்பம். எல்லாவற்றின் மேலும் உச்சி வெயில். அந்த விரல்கள் நாரில் முடிச்சுப் போட்ட வேகத்தைத்தான் நான் அங்கே நின்று பார்த்தேன். படத்தில் அது வரவே இல்லை.

அதற்கப்புறம்தான் ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு இடத்தைத் தேட ஆரம்பித்தேன். நம்ம மதுரை அதற்குக் கொடுத்துவைத்த ஊர். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. சதுரம் என்பதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் வெயில் வேறு மாதிரி வந்து சேர்கிறது. தெற்கு, வடக்கு வீதிகள் ஏறத்தாழக் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. காலையில் அங்கே வெளிச்சம் தெருவின் நீளத்துக்கும் வந்து பாயும். வருகிறவர் எல்லாருக்கும் முன்னால் நீள நிழல். கீழ வீதியும் மேல வீதியும் தெற்கு வடக்காக ஓடுபவை. அங்கே காலையில் கிழக்கு வரிசைக் கட்டடங்களின் நிழல் தெருவை மூடியிருக்கும், மேற்கு வரிசைச் சுவர் மட்டும் தகதகவென்று இருக்கும். சாயங்காலம் இது அப்படியே மாறிவிடும்.

கீழமாசி வீதியில் மொத்த மளிகைக் கடைகள் இருக்கும் பக்கம் காலை ஏழரைக்குப் போய் நில்லுங்கள். நிழலின் ஓரம் மேற்குச் சுவரில் இருக்கும். வெயில் ஏற ஏற அந்தக் கோடு சுவரை விட்டு இறங்கித் தரைக்கு வரும், பிறகு மெதுவாகக் கிழக்கே நகரும். அந்தக் கோட்டைத் தாண்டித்தான் லோடுமேன்கள் மூட்டையோடு நடக்கிறார்கள். ஒருவர் நிழலுக்குள் இருக்கும்வரை கூட்டத்தில் ஒருவர். கோட்டைத் தாண்டியதும் முதலில் மூட்டையின் மேல்முனையில் வெயில் பிடிக்கிறது, அப்புறம் நெற்றி, அப்புறம் தோள். பின்னால் தெரு முழுக்க இருட்டு. இரண்டு அடி எடுத்து வைக்கும் நேரம்தான். அந்த இரண்டு அடிக்காக நான் ஒரே தூணுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன்.

எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதை, வெயில் பட்ட இடத்துக்கு வையுங்கள், இருட்டு இருட்டாகவே போகட்டும். கேமராவில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 400, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) 8, ஷட்டர் (திறந்து மூடும் நேரம்) 1/1000 நொடி என்று தொடங்கிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் திரையில் வெளிச்சமான இடத்தை அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷர் அங்கேயே நிற்கும். பிறகு விரலைக் கீழே இழுத்தால் படம் இருளும். நிழலுக்குள் இருப்பதும் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால் இரண்டும் சாம்பல் பூத்துப் போகும்.

வெளிச்சம் கைவந்த பிறகு உருவம். நம் வீட்டு வாசலில் கோலம் போடுகிறவர்களிடம் இதைக் கற்கலாம். முதலில் புள்ளி வைத்து இடத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள், இழை அப்புறம்தான் வருகிறது. இரண்டு இழைக்கு நடுவே விடும் இடம் சரியாக இல்லாவிட்டால் கோலம் நிற்காது. ஃபிரேமிலும் அப்படித்தான். டீக்கடையில் மாஸ்டர் டீ ஆற்றுவதை எடுக்கப் போனால், முதலில் நீங்கள் எங்கே நிற்பது என்று பாருங்கள். வெயில் அவருக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். டீயின் ஓட்டத்துக்குப் பின்னால் இருட்டான சுவரோ கடையின் உட்புறமோ இருக்க வேண்டும். அப்போதுதான் ஆவி கண்ணுக்குத் தெரியும். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவே வளைந்து இறங்கும் ஒற்றைக் கோடு. அந்தக் கோடு அவர் தோளிலோ பாய்லரிலோ முட்டினால் அரை அடி நகர்ந்துகொள்ளுங்கள். அரை அடிதான், அதிலேயே படம் மாறிவிடும்.

பிரான்ஸ் நாட்டுப் போட்டோகிராபர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோனை உங்களில் பலர் அறிவீர்கள். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்தவர். அவர் இளமையில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் பாடம் கேட்டவர். 1932இல் இயேர் என்ற ஊரில் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும் வளைந்த படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, கீழே வளையும் தெரு, அதில் மங்கலாகக் கடந்து போகும் ஒரு சைக்கிள்காரர். அந்த வளைவுகளை அவர் முன்பே பார்த்துவிட்டார், சைக்கிள் பின்னால்தான் வந்தது என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு போட்டோகிராபர் ஃபான் ஹோ. 1949இல் ஷாங்காயிலிருந்து ஹாங்காங்குக்கு வந்தவர். ஒரு வெள்ளைச் சுவர், அதை மூலைக்கு மூலை வெட்டும் கரிய நிழல், அடியில் சிறியதாய் ஒரு பெண். அவர் எடுத்த 1954ஆம் ஆண்டுப் படம் இது. அந்தப் பெண் அவருடைய உறவுக்காரர், நிழலைப் பிரிண்ட் போடும் இருட்டறையில் சேர்த்தார். அது தெருவில் தானாக நடந்த காட்சி என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஒரே ஒரு முக்கோணம் ஒரு சுவரை என்ன செய்துவிடும் என்பதை அதைவிட நன்றாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை.

அந்தப் பூக்காரம்மாவிடம் மறுபடி போனேன். காலை நேரம், பந்தல் ஓட்டை வழியாக ஒரு துண்டு வெயில் அவர் மடியில் விழும் இடத்தில், அவரிடம் கேட்டுக்கொண்டு, உட்கார்ந்து எடுத்தேன். கைகள் மட்டும். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வெகுநேரம் பார்த்தார். "கையி நல்லா விழுந்திருக்கு தம்பி" என்றார். முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு அதை வாங்கி வைத்துக்கொண்டார். நான் எதற்காக எடுக்கிறேன் என்று அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

நாளைக் காலை ஏழு மணிக்கு விளக்குத்தூண் பக்கம் வந்துவிடுங்கள். ஆளுக்கு ஓர் இடம் பிடித்து ஒன்பது வரை அங்கேயே நிற்போம். லோடு ஏற்றுகிற வழியில் மட்டும் நிற்க வேண்டாம். அவர்களுக்கு அது வேலை நேரம்.