அவளுக்கான இசை எப்போது வரும், நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, என் பேச்சில் ஓட்டை தேடப் பேனாவும் காகிதமுமாக எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, சர்க்கரைப் பொங்கலையும் வடையையும் ஒரு கை பார்த்த பிறகும் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் நியூ ஜெர்சித் தமிழ் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு தெரியும். ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்குப் போகும் பெண் பிள்ளைக்கு ஏற்றது லெவல் பாதையா, எக்ஸெல் பாதையா? முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் பலர் பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்தவர்கள். எக்ஸெல் என்றதும், பையன் ராத்திரி பகலாகக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டிருப்பானே, அது என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்குத் தலைமை அமைப்பு யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ். அதில் பிள்ளைகளுக்கு இரண்டு பாதை. முதல் பாதை லெவல், அதில் 1 முதல் 10 வரை படிகள். 5-ஆம் படி வரை 'காம்பல்சரி'. அதாவது நியூ ஜெர்சியில் ஆடும் பிள்ளையும் கலிபோர்னியாவில் ஆடும் பிள்ளையும் ஒரே அசைவை ஒரே இசைக்கு ஆட வேண்டும். 6-ஆம் படியில்தான் 'ஆப்ஷனல்', பிள்ளைக்கென்று தனி ஆட்டம், தனி இசை. இன்னொரு பாதை எக்ஸெல். 2013-இல் இந்தப் பெயரோடு வந்தது. பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்ட், பிளாட்டினம், டைமண்ட் என்று பிரிவுகள், 2022-இல் சஃபையரையும் சேர்த்தார்கள். நகைக்கடை மாதிரி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே முதல் பிரிவிலேயே பிள்ளைக்குச் சொந்த ஆட்டம், சொந்த இசை.

இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. நான் எக்ஸெல் பக்கம், என் கட்சி முழுக்க அதில்தான் நிற்கிறது.

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் லெவல் பாதையில் நடந்தவள், சின்னவள் எக்ஸெல்லில் இருக்கிறாள். எதிரணித் தலைவிக்கு இரண்டு பையன்கள், ரெண்டு பேரும் கிரிக்கெட். அவர் படித்துவிட்டுப் பேசினார், நான் பட்டுவிட்டுப் பேசுகிறேன். (சிரிக்கிறார், கோபமில்லை. நல்லது.)

பெரியவளுக்கு ஏழு வயதில் ட்ரை-அவுட், அதாவது ஜிம்மின் போட்டி அணிக்கான தேர்வு. மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது: வாழ்த்துகள், உங்கள் மகள் 'டீம்'. எனக்கு மெடிக்கல் சீட் கிடைத்த மாதிரி இருந்தது. அந்த மயக்கத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்விகள் நிறைய. லெவல் 3 ஒரு வருடம். லெவல் 4-இல் 'கிப்' என்று ஒன்று வரும். கம்பியைப் பிடித்து முன்னால் வீசிப் போய், காலைக் கம்பிக்குக் கொண்டுவந்து, ஒரு வெட்டில் மேலே ஏறிக் கம்பியில் கையூன்றி நிற்க வேண்டும். அது வராமல் லெவல் 4 ஆட்டம் ஆட்டமாகாது. எங்கள் வீட்டில் அது வர ஒரு வருடம் ஆனது. நிலைப்படியில் கம்பி மாட்டினோம், என் கணவர் தானும் முயன்று பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். லெவல் 4-ஐயே இரண்டு வருடம் ஆடினாள். அதே ஆட்டம், அதே இசை. ஒரு மீட்டில், அதாவது போட்டியில், நூறு பிள்ளைகள் என்றால் அந்த இசையை நூறு தடவை கேட்க வேண்டும். என் கணவர் தூக்கத்தில் அதை முணுமுணுப்பார்.

இங்கேதான் எதிரணியில் பேசிய தம்பி பரதத்தின் அடிப்படை அசைவான அடவை வைத்து ஓர் அழகான உவமை சொன்னார். "அடவு பழகாமல் அரங்கேற்றமா?" கைதட்டலும் வாங்கினார், நானும் தட்டினேன். ஆனால் தம்பி, இன்று மதியம் இதே மேடையில் ஆறு வயதுக் குட்டிகள் ஆடினார்களே, பார்த்தீர்களா? தட்டடவும் நாட்டடவும் முழுசாக வராத பிள்ளைகள். பாதிப் பேருக்கு அரைமண்டி உட்காரவில்லை. ஒரு குட்டி கடைசிவரை பக்கத்துக் குட்டியைப் பார்த்தே ஆடியது. ஆனாலும் டீச்சர் அவர்களுக்குச் சின்னதாக ஓர் உருப்படி கட்டிக்கொடுத்து, சலங்கையும் மாட்டி மேடை ஏற்றினார். அடவு வகுப்பு ஒரு பக்கம் நடக்கும், பொங்கல் விழா ஆட்டம் ஒரு பக்கம் நடக்கும். நம் டீச்சர்கள் இந்த ஊரில் இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருப்பது எக்ஸெல்தான், ஐயா! லெவல் 4 பிள்ளையும் மேடை ஏறுகிறாள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவள் போடுவது அடவு, மதிப்பெண்ணும் அடவுக்குத்தான்.

எக்ஸெல்லில் கம்பி ஏற கிப் வரவில்லையா, சில்வரிலும் கோல்டிலும் வேறு வழியில் ஏறலாம். பிரிவுக்குத் தேவையானது இது, அனுமதி இல்லாதது இது என்று எல்லை போட்டிருக்கிறார்கள். அதற்குள் பிள்ளைக்கு வருவதை வைத்து கோச் ஆட்டம் கட்டுகிறார். என் சின்னவளுக்கு பீம், அதாவது ஒற்றை உத்தரத்தின் மேல் ஆடுவது, என்றால் உயிர், கம்பி என்றால் காய்ச்சல். அவள் ஆட்டம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

அடுத்து, "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" இந்தப் பழமொழி இல்லாமல் ஜிம்னாஸ்டிக்ஸ் பட்டிமன்றம் நடக்காது என்று வீட்டிலேயே பந்தயம் கட்டிவிட்டு வந்தேன். ஜெயித்துவிட்டேன். எதிரணிக்கு என் பதில், பெரியவளின் மணிக்கட்டு.

கையை ஊன்றி உடம்பு எடையைத் தாங்கும் விளையாட்டு இது. நம் உடம்பில் கணுக்கால் செய்யும் வேலையை இங்கே மணிக்கட்டு செய்கிறது. வளரும் பிள்ளைக்கு முன்கை எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று மென்மையான ஒரு பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். திரும்பத் திரும்ப அடி விழுந்தால் அது புண்படும். ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு என்றே மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியவளுக்கு ஒன்பது வயதில் வாரம் நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், ஆக 12 மணி நேரப் பயிற்சி. பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒரே விளையாட்டில் பயிற்சி வேண்டாம் என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. ஒன்பதுக்குப் பன்னிரண்டு. கூட்டல் கழித்தல் தெரிந்த அம்மா நான், அன்று பார்க்கவில்லை. வலிக்கிறது என்றாள். சீசன் முடியட்டும் என்றார் கோச். நானும் சரி என்று தலையாட்டினேன். அந்த ஜிம்மின் மேல் எவ்வளவு குறை உண்டோ அவ்வளவு என் மேலும் உண்டு.

எக்ஸெல்லில் அடிபடாதா என்றால், படும். சின்னவளே போன வருடம் குதிகால் வலி என்று மூன்று வாரம் உட்கார்ந்தாள். ஆனால் அவளுக்குப் பயிற்சி வாரம் ஆறு மணி நேரம். மூன்று வாரம் உட்கார்ந்ததில் எதுவும் கைவிட்டுப் போகவில்லை. லெவலில் மூன்று வாரம் உட்கார்ந்தால் பிள்ளைக்கு வருகிற பயம் இருக்கிறதே, அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

பெரியவள் பதினொரு வயதில், லெவல் 5 பாதியில், போதும் என்றாள். வீட்டில் பெரிய ரகளை எல்லாம் இல்லை. காரில் வரும்போது சொன்னாள். சிக்னலில் நிற்கும்போது இன்னொன்றும் சொன்னாள்: "அம்மா, என் மியூசிக் வரவே இல்லையே." வீட்டுக்கு வந்து ஐபேடைக் காட்டினாள். 'லெவல் 6' என்று பெயர் போட்டு 14 இசைத் துண்டுகள் சேர்த்து வைத்திருக்கிறாள். எட்டு வயதிலிருந்து.

நான்கு வருடம், நடுவர் அவர்களே. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியை எத்தனை முறை விட்டோம், எத்தனை பிறந்தநாள் விழாவுக்குப் போகவில்லை. எல்லாம் எதற்காக என்று அந்தப் பிள்ளை நினைத்ததோ, அதைத் தொடாமலே முடிந்தது. இது என் மகளின் கதை மட்டும் இல்லை. லெவல் 3-லும் 4-லும் தொடங்குகிற பிள்ளைகளில் மேல்படிகளை எட்டுகிறவர்கள் சிலர்தான். இது எதிரணிக்கும் தெரியும், ஜிம் நடத்துகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

சரி, ஸ்காலர்ஷிப். எதிரணி அண்ணன் கணக்கோடு வந்தார். கல்லூரிப் போட்டிகள் லெவல் 10 விதிகளை ஒட்டித்தான் நடக்கின்றன, எக்ஸெல்லில் இருந்தால் அந்த வாசல் கிடையாது என்றார். உண்மை. வளைத்துப் பேசப்போவதில்லை. பிள்ளை உள்ளபடியே லெவல் 10-க்குப் பிறந்தவள், அவளுக்கும் அதில் பைத்தியம் என்றால் லெவலில் விடுங்கள், நானே வந்து கார் ஓட்டுகிறேன். ஆனால் ஐந்து ஆறு வயதில் அதைக் கண்டுபிடிக்க முடியும் என்று மட்டும் சொல்லாதீர்கள். பல் விழுந்து முளைக்காத வயது அது. பன்னிரண்டு பதின்மூன்றில் உயரம் கூடும், எடை கூடும், நேற்றுவரை வந்த பல்டி இன்று வராது. தேர்வு நடப்பதோ அதற்கெல்லாம் முன்னால்.

அண்ணனின் கணக்கில் விட்டுப்போன வரிகளும் உண்டு. மாதக் கட்டணம், மீட் கட்டணம், கோச்சின் பயணச் செலவில் நம் பங்கு, வருடா வருடம் பிள்ளை வளர்ந்ததும் சின்னதாகிப் போகும் கல் பதித்த போட்டி உடையான லியோ, ஞாயிறு காலை எட்டு மணி மீட்டுக்காகச் சனிக்கிழமை இரவு ஹோட்டல். பத்து வருடத்துக்கு இதைக் கூட்டி, கல்லூரிச் செலவுக்குச் சேமிக்கும் 529 கணக்கில் போட்டிருந்தால், பிள்ளை ஒரு பல்டிகூட அடிக்காமல் கல்லூரி போயிருப்பாள்! எக்ஸெல்லும் இலவசம் இல்லைதான். அந்த லியோக்காரன் எங்களையும் விடுவதில்லை.

மோகினி பரத்வாஜைச் சொன்னார்கள். 2004 ஏதென்ஸில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியின் தலைவி, இந்திய வம்சாவளி. நமக்கெல்லாம் பெருமை. சின்ன வயதிலேயே கடும் பயிற்சிக்குப் போனவர் என்பதும் சரி. ஆனால் கதையின் பின்பாதியை விட்டுவிட்டார்கள். அந்த வெள்ளி வரும்போது அவருக்கு 25 வயது. நடுவில் கல்லூரி போய், விளையாட்டை விட்டு, ஆசை வந்து திரும்பினவர். பயிற்சிச் செலவுக்கு பீட்சா டெலிவரி செய்தார். நடிகை பமீலா ஆண்டர்சன் 20,000 டாலர் கொடுத்து உதவினார். சிமோன் பைல்ஸ் 2024 பாரிஸில் மூன்று தங்கம் வாங்கியது 27 வயதில். உஸ்பெகிஸ்தானின் ஒக்ஸானா சுசோவிதினா டோக்கியோவில் ஆடியபோது 46 வயது, அது அவருக்கு எட்டாவது ஒலிம்பிக்ஸ். பதினான்கு வயதில் நாடியா கொமனேச்சி 1976-இல் முழுப் பத்து வாங்கிய காலம் போய்விட்டது. 1997 முதல் பெண்கள் ஒலிம்பிக்ஸில் ஆட அந்த வருடத்தில் 16 வயதாவது நிறைய வேண்டும். பந்தயம் இவ்வளவு நீளமாகிவிட்ட பிறகு ஆறு வயதுப் பிள்ளையை நாம் ஏன் துரத்துகிறோம்?

அப்புறம் ஒரு விஷயம். பிள்ளைகள் அரங்கில் இருப்பதால் விவரிக்கப்போவதில்லை, பெரியவர்களுக்குப் புரியும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்தவருக்கு 2018-இல் மிச்சிகன் நீதிமன்றம் 40 முதல் 175 ஆண்டு சிறை விதித்தது. பெற்றோர் அதே அறையில் இருந்தபோதுகூட அவர் தப்பு செய்திருக்கிறார். இது லெவல் பாதையின் குற்றம் என்று பழி போட மாட்டேன், அது நியாயமும் இல்லை. ஆனால் கனவு பெரிதாகப் பெரிதாக, எதிரே இருக்கும் கோச்சையும் டாக்டரையும் கேள்வி கேட்க நமக்கு வாய் வருவதில்லை. மணிக்கட்டு வலிக்கே எனக்கு வரவில்லை என்று இப்போதுதானே சொன்னேன்.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டே நிமிடம், நடுவர் அவர்களே.

எக்ஸெல்லில் தில்லுமுல்லே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. கோல்டுக்குப் போக வேண்டிய பிள்ளையை இன்னொரு வருடம் சில்வரில் நிறுத்தித் தங்க மெடலாக அள்ளும் ஜிம்கள் உண்டு. பெற்றோரும் கூட்டுக் களவாணிதான், போட்டோ போட வேண்டுமே! அதே போல, எக்ஸெல்லில் தொடங்கினால் லெவலுக்கு மாறவே முடியாது என்றார் எதிரணித் தலைவி. மாற விதி இடம் கொடுக்கிறது. இடம் கொடுக்காதது சில ஜிம்கள். எக்ஸெல் பிள்ளைகளுக்கு ஓரத்துக் கம்பி, நேற்று வேலைக்குச் சேர்ந்த கோச், மீந்த நேரம். ஆகவே ட்ரை-அவுட்டில் பிள்ளை உள்ளே ஆடும்போது நீங்கள் வெளியே கேளுங்கள்: போன இரண்டு வருடத்தில் இங்கே எத்தனை பேர் எக்ஸெல்லிலிருந்து லெவலுக்கு மாறினார்கள்? பதில் சொல்லத் திணறினால் வண்டியை வேறு ஜிம்முக்குத் திருப்புங்கள்.

என் சின்னவள் இப்போது கோல்ட். இந்த சீசனுக்கு இசை தேடச் சொன்னார் கோச். வார்த்தை வரக்கூடாது என்பது விதி. அவள் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் சாமி புறப்பாட்டில் கேட்ட மல்லாரிதான் வேண்டும் என்றாள். நாதஸ்வரமும் தவிலும்! கோச் ஒருமுறை கேட்டார், இன்னொருமுறை கேட்டார், எங்கே கைதட்டி எண்ணுவது என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பெரியவள்தான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அதை ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வரும்படி வெட்டி ஒட்டினாள். ஒட்டின இடம் தெரியவில்லை. தங்கைக்கு முதல் கார்ட்வீல் எந்தத் தவில் அடியில் விழ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

நாளைக் காலை எட்டு மணிக்குப் பென்சில்வேனியாவில் மீட். இரண்டு பேரும் அதோ, பின்வரிசையில் வடையோடு இருக்கிறார்கள். எதிரணியில் இன்னும் ஒருவர் பேச வேண்டும், பேசட்டும். ஆனால் தீர்ப்பைக் கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள், நடுவர் அவர்களே. ஒன்பது மணிக்குள் அவளைத் தூங்க வைக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.