சங்கிலி குட்டையானால் மீன் பெருகும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மத்தி கிடைக்கும் காலத்தில் மேற்குக் கடற்கரையின் எந்த மீன் சந்தைக்குப் போனாலும் அது கூடை கூடையாகக் கொட்டிக் கிடக்கும். குமரிப் பக்கம் இதைச் சாளை என்பார்கள். பெரிய சூரை மீனோ அப்படிக் குவியாது. மத்தி மட்டும் கடலில் ஏன் அத்தனை பெருகுகிறது? அதன் தீனியில் இருக்கிறது விடை.

ஒரு மத்தியின் வயிற்றைக் கீறிப் பாருங்கள். பச்சையும் பழுப்பும் கலந்த களி இருக்கும். அதில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால், சிலிக்கா ஓடு போர்த்திய டயாட்டம் பாசிகள் பளபளவென்று தெரியும். செவுளைத் தூக்கினால் சீப்புப் பற்கள் போல நெருங்கிய மெல்லிய முட்கள். வாயைத் திறந்தபடி நீந்தி, நீரைச் செவுள் வழியே வெளியே விட்டு, பாசியை அந்த முட்களில் தடுத்து விழுங்குகிறது. மிதக்கும் நுண்விலங்குகளையும் அது தின்னும். ஆனாலும் வெயிலை உண்டு வளரும் பாசிக்கும் மத்திக்கும் இடையே பெரும்பாலும் வேறு யாரும் இல்லை.

இதில்தான் கணக்கு இருக்கிறது. கடல்மேல் விழும் ஒளியில் பாசி பிடித்து வைப்பது மிகச் சிறு பங்கு. பாசியைத் தின்ற உயிர், அதிலிருந்து கிடைத்த ஆற்றலில் பெரும்பகுதியை நீந்தவும் சுவாசிக்கவும் செலவழித்துவிடுகிறது. செரிக்காதது கழிவாகிறது. சதையாகத் தங்குவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. கழிவிலும் பிணத்திலும் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கே மறுபடி உரமாகும். வெப்பமாக வெளியேறிய ஆற்றல் திரும்பவே திரும்பாது.

1000 கிலோ பாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தி நேரடியாகத் தின்றால் 100 கிலோ மத்தி. அதே பாசியைக் கோபிபாட் என்னும் நுண்விலங்கு தின்று, அதை நெத்திலி தின்று, நெத்திலியைக் கணவாய் தின்று, கணவாயைச் சூரை தின்றால், சூரையின் உடம்பில் சேர்வது வெறும் 100 கிராம். பத்தில் ஒன்று என்பது சராசரிதான், இடத்துக்கு இடம் மாறும். ஆனால் படிதோறும் இழப்பு உண்டு என்பதில் மாற்றமில்லை.

இந்தக் கணக்குக்கு அடித்தளமிட்டவர் ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர். அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் பாக் என்ற சிறு ஏரியில், மனைவி எலினோரின் துணையோடு ஆண்டுக்கணக்கில் மாதிரிகள் எடுத்தார். பாசி முதல் மீன் வரை எல்லாவற்றையும் ஆற்றல் என்ற ஒரே அளவையில் எழுதினார். அவருடைய கட்டுரையை மதிப்பிட்ட இருவர், கோட்பாடு மிகுதி என்று நிராகரிக்கச் சொன்னார்கள். அவருடைய வழிகாட்டி ஹட்சின்சன் விடாமல் வாதாடினார். 1942 அக்டோபரில் கட்டுரை அச்சேறியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 26 வயதில், லிண்டமன் இறந்துவிட்டார். சூழலியல் படிக்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

1969இல் ஜான் ரைதர் என்ற கடலியலாளர் இதே கணக்கை உலகக் கடல்களுக்கெல்லாம் போட்டுப் பார்த்தார். அடிநீர் மேலெழும் இடங்கள் கடல் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் உலகின் மீன்வளத்தில் ஏறக்குறையப் பாதி அங்கே விளைகிறது என்று மதிப்பிட்டார். அங்கே உரம் மிகுதி. அதைவிட முக்கியம், ஒன்றை ஒன்று தின்னும் உணவுச் சங்கிலி அங்கே குட்டை. திறந்த பெருங்கடலில் ஐந்து படி ஏற வேண்டிய ஆற்றல், அங்கே ஒன்றிரண்டு படிகளிலேயே மீனாகிவிடுகிறது.

நம் தென்மேற்குப் பருவக்காற்றும் இதைத்தான் செய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரள, குமரிக் கரையோரம் குளிர்ந்த அடிநீர் உரத்தோடு மேலே வருகிறது. டயாட்டம் பெருகுகிறது. அதைத் தேடி மத்திக் கூட்டம் கரைக்கு வருகிறது.

இந்த வளம் நிலையானதும் அல்ல. கேரளத்தில் 2012இல் சுமார் 4 லட்சம் டன் பிடிபட்ட மத்தி, 2021இல் சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது. கடல் சூடேறுவதும் அளவு மீறிப் பிடிப்பதும் இதில் சேர்ந்தே பேசப்படுகின்றன. இரண்டாவதையாவது நாம் நிறுத்தலாம்.

எனக்கு ஆற்றாமை தருவது மீன்மாவு ஆலைதான். இயற்கை இரண்டே படியில் நமக்குத் தந்த மீனை அரைத்து, இறாலுக்கும் கோழிக்கும் தீனியாக்கி, அதன் பிறகு நாம் தின்கிறோம். வீணாகும் படி ஒன்றை நாமே கூட்டிக்கொள்கிறோம். ஏழை வீட்டுச் சட்டியில் விழ வேண்டிய புரதம் அது. கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கத் தடை இருக்கிறது. முட்டையிடும் வயதை எட்டாத குஞ்சுகள் ஆலைக்குப் போகாதிருக்க, துறைமுக ஏலக்கூடத்திலேயே அந்த அளவைச் சரிபார்க்க வேண்டும். குமரிக் கரையிலும் இதை இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள் என்று மீனவர் சங்கங்களையும் அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.