வார்டில் நின்ற நேரத்தை எண்ணியவர்

(செவிலியர் தின விழாவில் நர்சிங் மாணவியரிடையே ஆற்றிய உரை)

அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம். இந்த நாளில் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்த ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன். மேரி அடிலெய்ட் நட்டிங். உலகிலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆன நர்ஸ் அவர்தான். ஆண்டு 1907. இடம், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீச்சர்ஸ் காலேஜ்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1858-இல் பிறந்தவர். கொஞ்ச காலம் இசை சொல்லிக்கொடுத்தார். 1889-இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையும் அதன் நர்சிங் பள்ளியும் திறந்தபோது முதல் அணியிலேயே சேர்ந்துவிட்டார். அப்போது வயது முப்பதை ஒட்டி. 1891-இல் படிப்பை முடித்தார். மூன்றே ஆண்டுகளில், 1894-இல், அதே பள்ளிக்கு முதல்வர். மருத்துவமனையின் நர்சிங் கண்காணிப்பாளரும் அவரே.

இந்த இரட்டைப் பொறுப்பில்தான் சிக்கலே இருந்தது. அன்றைய அமெரிக்க மருத்துவமனைகளில் வார்டு வேலை பெரும்பாலும் மாணவிகளின் கையில். படித்து முடித்த நர்சுகள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துப் பிழைத்தார்கள். மருத்துவமனை அவர்களில் சிலரைத்தான் வைத்துக்கொண்டது. சம்பளச் செலவு மிச்சம் என்பதாலேயே பல மருத்துவமனைகள் பள்ளி தொடங்கின. பகலெல்லாம் வார்டு, அதன்பிறகு களைத்துப்போய் வகுப்பு. முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தால் மாணவியை வகுப்புக்கு அனுப்பத் தோன்றும். கண்காணிப்பாளர் நாற்காலிக்கு மாறினால், அவள் போய்விட்டால் வார்டில் யார் நிற்பது என்று தோன்றும்.

நட்டிங் என்ன செய்தார்? கணக்கு எடுத்தார். நாடெங்கும் உள்ள நர்சிங் பள்ளிகளில் மாணவிகள் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று கேட்டுத் திரட்டி, 1896-இல் கண்காணிப்பாளர்களின் சங்கத்தில் அறிக்கையாக வைத்தார். மாணவிகள் பாவம் என்று பேசிவிட்டு உட்கார்ந்திருந்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எண்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தம் பள்ளியில் படிப்பை மூன்று ஆண்டுகளாக்கி, பணியை நாளுக்கு 8 மணி நேரமாகக் குறைத்தார். மாணவிகளுக்குத் தந்துவந்த மாதப் பணத்தையும் நிறுத்தினார். அந்தப் பணம் இருக்கும்வரை மருத்துவமனை அவர்களை வேலையாட்களாகத்தான் பார்க்கும் என்பது அவர் வாதம். நியாயம்தான்; ஆனால் அந்தச் சிறு தொகையை நம்பி வந்த ஏழை வீட்டுப் பெண்ணின் பாடு? இந்த இடத்தில் என்னால் அவரை முழுமையாக ஏற்க முடியவில்லை.

1901-இல் இன்னொன்று செய்தார். அதுவரை சேர்ந்தவுடனே வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் ஆறு மாத முன்பயிற்சியைக் கொண்டுவந்தார். உடற்கூறு, உடலியங்கியல், உணவு முறை எல்லாம் ஓரளவு படித்த பிறகுதான் நோயாளிப் பக்கம். நீங்கள் முதலில் ஸ்கில் லேபில், அதாவது செய்முறைப் பயிற்சிக் கூடத்தில், ஊசி போடப் பழகிவிட்டுத்தானே வார்டுக்குப் போகிறீர்கள்? அதற்குப் பின்னே இப்படிப்பட்டவர்கள் போட்ட சண்டை இருக்கிறது.

சரி, கற்றுத்தருபவர்களுக்கு யார் கற்றுத்தருவது? 1899-இல் நட்டிங், ஹாப்கின்ஸ் பள்ளியில் அவருக்கு முன் முதல்வராக இருந்த இசபெல் ஹாம்ப்டன் ராப் முதலியோரின் முயற்சியால் டீச்சர்ஸ் காலேஜில் ஒரு படிப்பு தொடங்கியது. நர்சிங் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்தப்போகிறவர்களுக்கானது. முதலில் சேர்ந்தவர்கள் இரண்டே பேர். 1907-இல் நட்டிங் பால்டிமோர் வேலையை விட்டுவிட்டு, அந்தக் கல்லூரிக்கே பேராசிரியராகப் போனார். கல்லூரிப் பட்டம் இல்லாத ஒரு நர்ஸ், பேராசிரியர்! 1910-இல் நியூயார்க்கில் ஏழைகளுக்காகப் பணியாற்றிய நர்ஸ் லிலியன் வால்டு எடுத்துச் சொல்லி, ஹெலன் ஹார்ட்லி ஜென்கின்ஸ் என்ற செல்வந்தப் பெண்மணி நன்கொடை தர, நர்சிங்குக்கும் பொதுநலத்துக்குமான துறை அங்கே உருவானது. ஓய்வு பெற்ற 1925 வரை நட்டிங் அதை நடத்தினார்.

பேராசிரியரான பிறகும் அவர் பழைய கணக்கை விடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. 1912-இல் அமெரிக்க அரசின் கல்வித் துறைக்காக நர்சிங் கல்வியின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். பள்ளிக்கென்று தனி நிதியும் தனி நிர்வாகமும் வேண்டும், மருத்துவமனையின் பணப்பையை நம்பி இருக்கும்வரை படிப்பு தோற்றுக்கொண்டேதான் இருக்கும் என்று கடைசிவரை வாதாடினார். 1923-இல் யேல் பல்கலைக்கழகத்தில் தனக்கென டீனும் தனி நிதியும் கொண்ட நர்சிங் பள்ளி வந்தது. நம் நாட்டில் பட்டப்படிப்பாக நர்சிங் டெல்லியிலும் வேலூரிலும் தொடங்க 1946 ஆயிற்று. அதற்கு இரண்டாண்டு கழித்து நட்டிங் காலமானார்.

இங்கே நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாத டியூட்டி லிஸ்ட் போடும்போது மாணவிகளின் பெயர்களை எடுத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். எந்த வார்டில், எந்த ஷிப்டில் ஆள் குறைகிறதோ, அத்தனை இடத்துக்கும் ஸ்டாஃப் நர்ஸ் கேட்டு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.