தேள் கடித்ததற்கு லீவு: லக்ஸரில் ஒரு நாள்

நேயர்களுக்கு வணக்கம். எகிப்து போய்வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பிரமிடு பார்த்தீர்களா?" என்பதுதான். பார்த்தேன். இன்றைக்கு அதைப் பற்றிப் பேசப்போவதில்லை. கெய்ரோவிலிருந்து நைல் நதியை ஒட்டித் தெற்கே ஏறக்குறைய 650 கிலோமீட்டர் போனால் லக்ஸர் என்று ஓர் ஊர் வருகிறது. பழைய தீப்ஸ் நகரம் அதுதான். அங்கே நானும் என் மனைவியும் ஒரு வழிகாட்டியோடு சுற்றிய ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

ஊரின் அமைப்பு எளிது. நைலுக்குக் கிழக்கே, சூரியன் உதிக்கிற பக்கம், பெரிய கோயில்கள். மேற்கே, சூரியன் மறைகிற பக்கம், கல்லறைகள். "காலையில் செத்தவர்கள், மாலையில் தெய்வங்கள்" என்று வழிகாட்டி ஒரே வரியில் திட்டத்தைச் சொல்லிவிட்டார். வெயிலை நினைத்துப் போட்ட திட்டம் அது. நாங்கள் போனது மார்ச் கடைசியில். ஆறு மணிக்கெல்லாம் வேன் கிளம்பிவிட்டது.

போகிற வழியில் வயல் ஓரமாக இரண்டு சிலைகள் உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 18 மீட்டர் உயரம். மூன்றாம் அமென்ஹோதெப் மன்னருடையவை. கி.மு. 27-இல் வந்த நிலநடுக்கத்தில் ஒன்று விரிசல் கண்டது. அதன்பிறகு அது விடியற்காலையில் 'பாட' ஆரம்பித்ததாம். அதைக் கேட்பதற்கென்றே கிரேக்கர்களும் ரோமானியர்களும் வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் சிலையின் காலில் தங்கள் பெயரையும் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். போகிற இடத்திலெல்லாம் பெயர் கிறுக்குவது நம் காலத்து வியாதி என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் அரசர்களின் பள்ளத்தாக்கு. புல் பூண்டு இல்லாத மலை. அதற்குள் 60-க்கும் மேற்பட்ட கல்லறைகளும் குழிகளும். சாதாரண டிக்கெட்டில் மூன்று கல்லறைகளுக்குள் போகலாம். துட்டன்காமுன் மன்னருக்குத் தனி டிக்கெட். 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் கண்டுபிடித்த அந்தக் கல்லறை மிகச் சிறியது. அதிலிருந்து எடுத்த தங்கமெல்லாம் கெய்ரோ பக்கம் இருக்கிறது, இங்கே மிச்சம் அவருடைய உடல்தான். பெயருக்காகப் போகிறவர்கள் போகட்டும். கையில் காசு அளவாக இருந்தால் ராமேசஸ் என்று பெயர் வைத்த மன்னர்களின் கல்லறைகளே போதும் என்பது என் கட்சி.

கல்லறைக்குள் வழிகாட்டிகள் நின்று பாடம் நடத்தக் கூடாது. அதனால் எங்களவர் வாசலிலேயே ஒரு படத்தை விரித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "உள்ளே போய் நீங்களே பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் ராமேசஸின் கல்லறையில் நேராகப் போகிற பாதை ஓரிடத்தில் நின்று, வலப்பக்கம் நகர்ந்து, மறுபடி நேராகப் போகிறது. இதன் காரணத்தை வாசலிலேயே சொல்லியிருந்தார். மன்னருடைய அப்பா காலத்தில் தோண்டிக்கொண்டே போன ஆட்கள், பக்கத்தில் ஏற்கெனவே இருந்த இன்னொரு கல்லறைக்குள் உடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேலை நின்றது. பிறகு மகன் வந்து, பாதையைத் தள்ளிப் போட்டுத் தொடர்ந்தார். சுவரெல்லாம் தெய்வங்கள், கூரையெல்லாம் நட்சத்திரங்கள். எனக்கோ அந்த வளைவை விட்டு நகர மனம் வரவில்லை. அன்றைக்கு மேஸ்திரி என்ன திட்டு வாங்கியிருப்பார்?

அதே பள்ளத்தாக்கில் இரண்டாம் ராமேசஸின் கல்லறை. வெள்ளம் புகுந்து பாழான இடம். அவருடைய உடலைப் பழங்காலத்திலேயே பூசாரிகள் வேறு இடத்துக்கு மாற்றி ஒளித்து வைத்தார்கள், 1881-இல் அது வெளியே வந்தது. அந்த மம்மியின் மூக்குக்குள் மிளகு இருந்தது. கி.மு. 1213-இல் இறந்த மன்னருக்கு மலையாளக் கரை மிளகு! எத்தனை கை மாறிப் போயிருக்கும் என்று என் மனைவி கேட்டார். வழிகாட்டி சிரித்தார், அவ்வளவுதான்.

அடுத்து எங்களை வெள்ளைக் கல்லில் செய்த சாமான் விற்கிற ஒரு கடைக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. இது எல்லாச் சுற்றுலாவிலும் உண்டு. டீ கொடுப்பார்கள், பிறகு விலை சொல்வார்கள். "கடை வேண்டாம், அந்த நேரத்தில் இந்தக் கல்லறைகளைத் தோண்டியவர்களின் ஊரைக் காட்டுங்கள்" என்று கேட்டோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஊர் டெயிர் எல்-மெதினா.

மதிலுக்குள் சுமார் 70 வீடுகள். இப்போது இடுப்பளவுச் சுவர்கள்தான் நிற்கின்றன. கல்வெட்டுபவர், சாந்து பூசுபவர், படம் வரைபவர், கணக்கெழுதுபவர், அவர்கள் குடும்பங்கள் என்று தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்திருக்கிறார்கள். ஊரில் தண்ணீர் கிடையாது, கழுதை மேல் வந்தாக வேண்டும். பின்னாளில் ஒரு கிணறு வெட்டிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 50 மீட்டர் போயும் தண்ணீர் இல்லை. அது குப்பைக் குழியானது. அந்தக் குழியிலிருந்து அகழாய்வில் வந்தவை ஆயிரக்கணக்கான எழுத்துச் சில்லுகள். உடைந்த பானை ஓடும் சுண்ணாம்புக்கல் துண்டும்தான் அவர்களுக்குக் காகிதம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை கேட்டிருக்கிறோம், இங்கே கணக்குப் புத்தகம் கிளம்பியிருக்கிறது.

இந்த ஊர் ஆட்களின் வருகைப் பதிவேடு ஒன்று லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டாம் ராமேசஸின் 40-ஆம் ஆண்டில் எழுதியது. 40 பேர் பெயர், வராத தேதி, அதற்கு மேலே சிவப்பு மையில் காரணம். ஒருவருக்குக் கண் நோய். ஒருவரைத் தேள் கடித்தது. ஒருவர் வீட்டில் பீர் காய்ச்சினார். இன்னொருவர் சொந்தக்காரர் உடலைப் பதப்படுத்தப் போயிருந்தார். வீட்டுப் பெண்ணுக்கு மாதவிலக்கு என்பதும் காரணமாக எழுதப்பட்டிருக்கிறது. முப்பத்திரண்டு நூற்றாண்டு கடந்தும் லீவு லெட்டர் பெரிதாக மாறவில்லை.

கூலி தானியமாக வந்தது. சாதாரண ஆளுக்கு மாதம் நான்கு மூட்டைக் கோதுமை, ஒன்றரை மூட்டை வாற்கோதுமை. ரொட்டிக்கு அது, பீருக்கு இது. மூன்றாம் ராமேசஸின் 29-ஆம் ஆண்டில், அதாவது ஏறக்குறைய கி.மு. 1157-இல், இந்தத் தானியம் வரவில்லை. ஆட்கள் கருவிகளைப் போட்டுவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டிப் போய், ஒரு கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். "பசியாலும் தாகத்தாலும் வந்தோம். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை" என்று சொன்னார்கள். எழுத்தில் பதிவானவற்றில் நமக்குத் தெரிந்த முதல் வேலைநிறுத்தம் இது. இதை எழுதிவைத்த பாப்பிரஸ், அதாவது நாணல் தாள், இத்தாலியில் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தானியம் வந்தது, பிறகு நின்றது, அவர்களும் மறுபடி உட்கார்ந்தார்கள். காலையில் பார்த்தேனே ஒரு வளைவு, அதே மன்னரிடம்தான் இந்தச் சண்டை.

ராணி ஹட்செப்சுட்டின் கோயிலை அவசரமாகத்தான் பார்த்தோம். அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெயில் ஏறிவிட்டது, கூட்டமும் சேர்ந்துவிட்டது.

மாலையில் கர்னாக் கோயில். 134 தூண்கள் நிற்கிற மண்டபம், நடுவில் உள்ள 12 தூண்கள் சுமார் 21 மீட்டர் உயரம். கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தோம். திரும்பும்போது, எல்லோரும் தாண்டிப் போகிற முதல் வாசல் கோபுரத்தின் உள்பக்கம் வழிகாட்டி எங்களை நிறுத்தினார். கட்டி முடிக்கப்படாமலே நின்றுபோன கோபுரம் அது. அதன் மேல் சாய்ந்தபடி ஒரு செங்கல் மேடு. சுடாத மண் செங்கல். கல்லை மேலே இழுத்துப் போகப் போட்ட சாரம் அது. வேலை முடிந்திருந்தால் இடித்து அள்ளியிருப்பார்கள். என் மனைவி குனிந்து ஒரு செங்கலைப் பார்த்துவிட்டு, "இதில் வைக்கோல் தெரிகிறது" என்றார்.